பன்னிரண்டாவது கடிதம்

‘சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து நானாகவே விலகிக்கொள்கிறேன்.’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியைப் பிழையில்லாமல் எழுதுவேன். பாலக்கோடு பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் பதினோரு சீசன் வேலை பார்த்தேன். ஒவ்வொரு சீசன் முடிவிலும் இப்படியொரு கடிதம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த வருடம் மாங்காய் வரத்து தொடங்கியதும் திரும்பக் கூப்பிடுவார்கள். எங்கள் பிரிவில் பாதிப் பெண்களுக்கு எழுத வராது. பன்னிரண்டாவது படித்தவள் என்பதால் அவர்களுக்கும் நானே எழுதிக் கொடுப்பேன், அவர்கள் ரேகை வைப்பார்கள்.

“உன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதும்மா” என்பார் மேலாளர். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவ்வளவு மண்டு நான்.

போன சீசனில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு ஒரு மனு எழுதி, எல்லாரிடமும் கையெழுத்தும் ரேகையும் வாங்கிக் கொடுத்தேன். தாழ்ப்பாள் வந்தது. இந்த சீசனில் எல்லாருக்கும் அழைப்பு வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, “நீயாத்தானேம்மா வேணாம்னு எழுதிக் குடுத்த?” என்றார் மேலாளர். அவர் மேசையில் என் கடிதம் இருந்தது. அங்கிருந்து நேராகத் தருமபுரிக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன்.

இரண்டு முறை பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு தொகை தருகிறோம், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடியும் ஒரு விலகல் கடிதம் கொடுத்துவிடட்டும் என்றது ஆலைத் தரப்பு.

என் வக்கீலம்மா எதையும் பூசி மெழுகவில்லை. “லேபர் கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்குங்க. உங்க பதினோரு லெட்டரையும் காட்டுவாங்க. எல்லார்கிட்டயும் ஆலையே கேட்டு வாங்குன லெட்டருன்னு நிரூபிக்கணும்னா, மத்தவங்களுக்கும் நீங்கதான் எழுதுனீங்கன்னு கூண்டுல ஏறிச் சொல்லணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

வீட்டுக்காரருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. “குடுக்கறத வாங்கிக்கிட்டு வந்துரு. கோர்ட்டுக்கு அலைஞ்சா நம்ம வூட்டு வேலைய யாரு பாக்கறது?” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள், மாரண்டஹள்ளி பேருந்து நிறுத்தத்தில் என்னோடு பழம் அறுத்தவளைப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவள். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நடந்ததையெல்லாம் கேட்டவள், தயங்கித் தயங்கி, “அக்கா, எனக்கு எழுதுனியே, அதுல என்னக்கா இருந்துச்சு?” என்றாள்.

வரியைச் சொன்னேன்.

“நானாவே வேணாங்கறேன்னா? நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்? நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு ரேக வெச்சேன்.”

அவள் சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அவள் புரியாமல்தான் கேட்டாள். எத்தனை வருடம் அவள் விரலைப் பிடித்து மையில் ஒற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் படித்துக் காட்டத் தோன்றவில்லையே! பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் தொழிலாளர் அலுவலகத்தில் மேலாளர் வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். “உனக்குத் தெரியாததா? வழக்கமா எழுதறதுதான், உன் கையாலயே எழுதிரு.”

பேனாவை எடுத்தேன். ‘சொந்தக்’ என்று எழுதியும் விட்டேன். கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. பேனாவை மூடினேன். “சமரசம் வேணாங்க. கோர்ட்லயே பாத்துக்கறேன்” என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன்.

வழக்கு நடக்கிறது. வீட்டில் பேச்சுவார்த்தை அதிகமில்லை. ஜெயிப்பேனா என்று வக்கீலம்மாவுக்கே தெரியாது. கூண்டில் ஏறும் நாளில் கடிதங்களை நீட்டி, இது உங்கள் எழுத்தா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். மற்ற பெண்களுடையதையும் நான்தான் எழுதினேன், அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை என்றும் சொல்வேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு எனக்குத் துணையாக வருகிறேன் என்று, பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேனே, அவள் சொல்லியிருக்கிறாள். நீதிபதிக்கு முன்னால் சொல்லிவிடுவேன். அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்லப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.