தெரியாது என்று சொன்ன காலை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். என் காரை மனைவி எடுத்துப் போவதால், கூட வேலை செய்யும் ஜோசப்தான் நான்கு வருடமாக என்னை ஏற்றிப் போகிறார். ஹெயிட்டிக்காரர், கறுப்பர். என் மகள் பெரியவளானபோது செய்த சாமத்திய வீட்டில் எங்களோடு இருந்து சாப்பிட்டவர்.

அன்று காலை பொலிஸ் எங்களை மறித்தது. அந்தக் கோடையில் அவருக்கு அது மூன்றாவது முறை. நான் ஓட்டும்போது ஒருநாளும் மறித்ததில்லை.

பொலிஸ்காரர் குனிந்து என்னிடம், "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் தெரியாது என்று சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது. "வேலையிடத்தில் கண்டிருக்கிறேன். வேறொன்றும் தெரியாது."

உடனே அவரை இறக்கிவிட்டுக் காரைக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் காரைக் கிளப்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினார்.

"பிரஷர். மனதை அமைதியாக வைத்திருக்கச் சொல்கிறார் டொக்டர்," என்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"ஊரிலை ஆமிக்காரன் கேக்கேக்க உங்களைத் தெரியாதெண்டு சொன்ன பக்கத்து வீட்டு அண்ணையோட நீங்கள் இண்டைக்கும் கதைக்கிறேல்லை. இப்ப நீங்கள் என்ன செய்துபோட்டு வந்திருக்கிறியள்?"

மறுநாள் ஜோசப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். "பயந்துவிட்டாய், தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் அவரோடுதான் போகிறேன். வழியில் பொலிஸ் காரைக் கண்டால் என் கை சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கும். அவருடைய கை சட்டைப் பைக்குப் போகும்.