நாற்பதில் நின்ற கோடு

ஓடைப் பக்கம் அவளுக்கு அளவுக்காரி என்றே பெயர். பெய்கிற மழையில் எவ்வளவு ஓடைக்கு வருகிறது என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் மலைச்சரிவு முழுக்கக் கருவிகளை நட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடமாக அவற்றைக் கட்டி மேய்ப்பவள் இவள்தான். மழைமானிக்குள் காக்கை எச்சம், குளவிக் கூடு, செத்த பல்லி என்று என்ன கருமம் கிடந்தாலும் வெறுங்கையால் வழித்துப் போட்டவள். "கையக் கழுவிட்டு அப்புறம் தட்டத் தொடு தாயே" என்று வீட்டுக்காரர் தினமும் கும்பிடாத குறைதான்.

போன வாரம் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடைத் தண்ணீர் புகும் கரையோரக் கிணற்றில் மிதவை ஏற ஏற, கருவி தானாகக் கோடு போடும். ஆனாலும் அவள் மழையில் நின்று, ஓடையில் நட்டிருந்த அளவுகோலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதினாள். உச்சம் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். கருவியோ நாற்பதோடு படுத்துவிட்டது. மறுநாள் கிணற்றைத் திறந்தால், உப்பிப்போன பெருச்சாளி ஒன்று மிதவையை எழவிடாமல் சுவரோடு செருகிக் கிடக்கிறது. சீ! குடலைப் பிடுங்கும் நாற்றம். வெறுங்கையாலேயே அதைப் பிடுங்கி எடுத்தாள்.

அறிக்கை எழுதும் அதிகாரியிடம் நோட்டைக் காட்டினாள்; அவர் அசையவில்லை. ஓடையை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த மகராசன் அவர்.

"மிஷின் நாப்பதுன்னா நாப்பதுதாம்மா. கையால எழுதினது அறிக்கையில ஏறாது. கையெழுத்து போடுங்க."

"மிதவை மாட்டிக்கிச்சு சார். பெருச்சாளி."

"எங்க பெருச்சாளி? ஆதாரம் வேணும்ல?"

அந்த எண்ணை வைத்துத்தான் கீழே ரோட்டுக்கடியில் ஓடைக்குப் போடும் குழாயின் அகலத்தை முடிவு செய்வார்கள். குழாய்க்கு நேர் எதிரே தங்கச்சி கைக்குழந்தையோடு குடியிருக்கிறாள். நாற்பதுக்குக் குழாய் போட்டால் அடுத்த மழை நேரே தொட்டிலுக்குத்தான் வரும். அவர் நீட்டிய பேனாவைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பெருச்சாளியைத் தொட்டபோதுகூட இப்படி உடம்பு கூசவில்லை.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து, கலங்கல் தண்ணீர் பிடிக்கிற அகலவாய்ப் போத்தலை எடுத்து வந்தாள். மற்ற மாதிரிகளைப் போலவே நாள், நேரம், நிலைய எண் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. அறிக்கையின் மேலேயே வைத்து மூடியைத் திருகித் திறந்தாள்.

"ஐயய்யோ! மூடும்மா, மூடு!"

"மூடறேன் சார். மொதல்ல நாப்பத அடிச்சு மாத்துங்க."

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவர் நாற்பதை அடித்தார். நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதினார். அவள் நிதானமாக இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் மூடியைத் தேடினாள்.