தம்பி கட்டிய கடைசிக் கட்டு

சிவப்புத் துணிக்கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள் சப்ரீன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆவணக் காப்பகத்தின் பழைய தாள்களை ஸ்கேன் செய்ய வந்திருக்கும் பிள்ளை.

“வெட்டாத தாயி,” என்றாள் அனுசியா. “அது என் தம்பி போட்ட முடிச்சு.”

அதைப் பார்க்கத்தான் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். தம்பி சுயம்புலிங்கம் மஞ்சள்காமாலையில் போய் நாலு மாதம் ஆகிறது. அவன் கட்டியதில் பிரிக்காமல் இருப்பது இது ஒன்றுதான் என்று காவலாளி ஆவுடையப்பன் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தக் கட்டடம் எழும்பியபோது அவன் இங்கே கொத்தனாருக்குக் கையாள். காகிதத்துக்கென்றே கட்டியது. வெயில் படக்கூடாதென்று மேற்கே ஜன்னல் கிடையாது. கரையானுக்குப் பயந்து தரையை இடுப்பளவு உயர்த்தியிருந்தார்கள். ஒன்றரை அடிச் சுவர் என்று அவன் பெருமையடித்ததை நம்பாமல், உள்ளே வரும்போது வாசலில் அனுசியா சாண் போட்டு அளந்தாள். சரியாக இரண்டு சாண்.

தளம் போட்ட அன்று சென்ட்ரிங் பலகை விழுந்து அவனுடைய வலது கட்டைவிரல் போனது. கொத்துக்கரண்டி பிடிக்க முடியாதவனைக் காகிதக் கட்டுத் தூக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஒழுகும் பழைய கட்டடத்திலிருந்து வந்த தாள்களை உலர்த்தி, அடுக்கி, இடக்கையாலும் பல்லாலும் இழுத்துக் கட்டினான். பதினாறு வருஷம். முடிச்சு ஒருபக்கமாகத் திரும்பியே நிற்கும்.

“என்னலே இது, கோழி கிளறுன மாதிரி?” என்று அவள் கேலி செய்வாள்.

“ஒரு இழுப்புல அவுந்துரும்க்கா. இழுக்காம அதுவா அவுராது.”

சப்ரீன் கத்தரியைக் கீழே வைத்தாள். “சரிக்கா, நீங்களே அவுத்துக் குடுங்க. செத்த சீக்கிரம்.”

நல்ல துணியில் கத்தரி படுவதை அனுசியாவால் எப்போதுமே பார்க்க முடியாது. முனையைப் பிடித்து இழுத்தாள். அவன் சொன்னபடியே ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு சப்ரீன் துணியை அவளிடமே கொடுத்தாள். அனுசியா அதை மறுபடி கட்டிப் பார்த்தாள். வலக்கையால், இடக்கையால். கடைசியில் குனிந்து பல்லால் இழுத்தும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நேரான முடிச்சே விழுந்தது.

“என்னக்கா பண்ணுதிய?”

“அவன் முடிச்சு வரமாட்டேங்குது தாயி.”

சப்ரீன் துணியையே பார்த்தாள். “முடிச்சு வேணும்னு சொல்லியிருந்தா முடிச்ச விட்டுட்டு அந்தப் பக்கமா வெட்டியிருப்பேனேக்கா. அப்படியே முழுசா கெடச்சிருக்குமே.”

அனுசியா துணியை மேசையில் விரித்தாள். நாலு மாதத்துக்கு மேலாக இறுகிக் கிடந்த இடத்தில் மட்டும் சுருக்கம் இருந்தது. கைப்பழக்கத்தில் அதைத் தேய்த்துவிடப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.