பின் வரிசையில் கை தட்டியவன்

டாக்டர் என் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவந்து, தடித்து, நன்றாகவே வீங்கியிருந்தன.

"மம்பட்டி புடிச்சீங்களா?"

"இல்லீங்க டாக்டர். கை தட்டினேன்."

"எவ்ளோ நேரம்?"

"முக்கால் மணி நேரம் இருக்குங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "எந்தக் கட்சி மீட்டிங்?"

அவருக்கு அங்கே விளக்கம் சொல்ல நேரமில்லை. வெளியே பத்துப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்குத்தான் டோக்கன் கிடையாதே!

காரிமங்கலத்தில் ஜமால் என்று ஒருவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் போர்வெல் மோட்டார் வருடத்துக்கு இரண்டு முறை அவர் கடையில் போய் அட்மிட் ஆகும். அப்படித்தான் பழக்கம். கையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும், வாயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கவ்வாலிக் குழு ஒன்றும் வைத்திருக்கிறார்.

கவ்வாலி தெரியும்தானே? தர்காக்களில் இறைநேசர்களைப் போற்றிப் பாடுவது. முன்னால் ஒருவர் ஒரு வரியை எடுப்பார், பின்னால் இருப்பவர்கள் கை தட்டிக்கொண்டே அதைத் திருப்பிப் பாடுவார்கள். ஆர்மோனியம், டோலக், கை தட்டல்... அவ்வளவுதான் கச்சேரி.

பாப்பாரப்பட்டிப் பக்கம் உள்ள தர்காவில் ஒவ்வொரு கந்தூரி விழாவுக்கும் வெளியூரிலிருந்து பெரிய கவ்வாலி பார்ட்டி வரும். பாட்டெல்லாம் உர்து. ஜமால் வீட்டில் பேசுவதும் உர்துதான். ஆனால், அவர் பாட்டு எழுதுவது தமிழில்! ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"தர்காவுக்கு வர்றவங்க யாருங்க சார்? பாதிக்கு மேல வெவசாயிங்க. எங்கிட்ட மோட்டார் குடுக்கறவங்க. பாட்டு நல்லாருக்குன்னு தலையாட்டறாங்க, ஒரு வார்த்தை புரியாம வூட்டுக்குப் போறாங்க. புரிஞ்சு அழுவணும் சார்!"

இதைச் சொல்லி அவர் தர்கா கமிட்டியிடம் வருடக்கணக்காக வாய்ப்புக் கேட்டார். செயலாளர் காதர் பாய் நல்ல மனிதர், ஆனால் கறாரான மனிதர். "தமிழ்ல பாடுனா அது பாட்டுக் கச்சேரிங்க ஜமாலு. கவ்வாலின்னா உர்துதான்" என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிடுவார்.

இந்த வருடம் தொல்லை தாங்காமல் அரை மணி நேரம் கொடுத்தார். சாயங்காலத் தொழுகை முடிந்ததும், பெரிய பார்ட்டி மைக் செட் பார்ப்பதற்கு முன்னால். "எடுபடலேன்னா இதோட விட்டுடணும். அப்புறம் எங்கிட்ட இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று கண்டிஷன் வேறு. நோட்டீசில் பெரிய பார்ட்டிக்குக் கொட்டை எழுத்தில் 'கவ்வாலி'. ஜமாலுக்குப் பொடி எழுத்தில் 'தமிழ்ப் பாட்டு'.

அந்த நோட்டீசை அவர் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார். பார்த்தபோது எனக்கே வலித்தது.

இப்படிப்பட்ட நாளில்தானா சிக்குன்குனியா வர வேண்டும்? ஆர்மோனியம் வாசிக்கும் ஜமாலின் மச்சானுக்கு விரலை மடக்க முடியவில்லை. கை தட்டும் மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல்.

ஆர்மோனியத்துக்கு சூசை வந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாக ஆர்மோனியம் வாசிக்கிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையோடு நேராக மேடைக்கே வந்துவிட்டார். ஜமால் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பாட்டையெல்லாம் நோட்டில் எழுதி, சரணத்துக்குச் சரணம் நம்பர் போட்டு வைத்திருந்தார்.

சரி, கை தட்ட? வேடிக்கை பார்க்கப் போன என் தோளில் ஜமாலின் கை விழுந்தது.

"சார், கை தட்டத் தெரியும்ல?"

"அது எல்லாருக்கும் தெரியுமே..."

"அப்ப ஏறுங்க மேல."

தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, பின் வரிசையில் உட்கார வைத்தார். எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சியும் இதுதான்: "என் முதுகையே பாத்துட்டுத் தட்டுங்க. நான் நிறுத்தற வரைக்கும் நிறுத்தாதீங்க. யாரு என்னா பண்ணாலும் நிறுத்தாதீங்க."

முதல் பாட்டு சுமார். இரண்டாவதும் சுமார். ஜனங்கள் நாட்டுச் சர்க்கரைப் பொட்டலமும் கையுமாகக் குறுக்கே நெடுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அரை மணி முடியப்போகிற நேரத்தில் ஜமால் கடைசிப் பாட்டை எடுத்தார். கடையில் காயில் சுற்றிக்கொண்டே எழுதியது.

'நேரம் தப்பி வந்தேன் – நீ கதவைச் சாத்தலையே...'

நடந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்றார்கள். ஒருவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில் காதர் பாய் மேடை ஓரத்துக்கு வந்தார். வாட்சைத் தட்டிக் காட்டினார். நேரம் முடிந்தது!

காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு விரல் வாட்ச் மேலேயே இருந்தது. கண் மூடிவிட்டது.

கவ்வாலியில் ஒரு வழக்கம் உண்டு. எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். ஒரு வரி யாரையாவது பிடித்து நிறுத்திவிட்டால், அவர் தானாகத் தெளிந்து உட்காரும் வரை பாடுகிறவர் அந்த வரியை விட்டு நகரக் கூடாது. பாதியில் நகர்ந்தால் அவரை நடு ஆற்றில் இறக்கிவிட்ட மாதிரி. பத்துத் தடவையோ, நூறு தடவையோ... அதே வரிதான்.

ஜமால் அந்த வரியிலேயே நின்றார். சூசைக்கு இந்த வழக்கம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சர்ச் வழக்கம் – ஃபாதர் வாட்சைப் பார்த்தால் நேராகக் கடைசிச் சரணத்துக்குப் போய்விட வேண்டும். போய்விட்டார்!

ஆர்மோனியம் ஒரு பக்கம், ஜமால் ஒரு பக்கம். டோலக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார். வருடக்கணக்கான கெஞ்சல் அந்த இரண்டு நொடியில் போயிருக்கும்.

மிச்சம் இருந்தது என்ன? கை தட்டல்.

எனக்குச் சரணமும் தெரியாது, ஸ்வரமும் தெரியாது. ஜமாலின் முதுகு தெரியும். அது ஆடிக்கொண்டிருந்தது, நான் தட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து மற்ற இருவரும் விடாமல் தட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என் அறியாமை ஒரு நல்ல காரியம் செய்தது!

சூசை சட்டென்று நிமிர்ந்தார். நோட்டை மூடினார். கட்டையில் விரலை ஓடவிட்டு அந்த வரிக்கே திரும்பி வந்து சேர்ந்தார். டோலக் அடி விழுந்தது. ஐயோ, அது விழுந்த அழகு! கீழே இருந்த விவசாயிகள் கை தட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து அந்த வரியே பாட்டாகத் திரும்பி வந்தது. 'நீ கதவைச் சாத்தலையே...' என் கை நிற்கவில்லை.

கால் மணி நேரம். அதே ஒரு வரி. காதர் பாய் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஜமால் குரலைத் தாழ்த்திக் கொண்டுவந்து முடித்தார்.

காதர் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறி மைக்கை வாங்கினார்.

"போன வருசம் ஓசூர்ல எங்கண்ணன் மவுத்தாயிட்டாருங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் ஆயிப்போச்சு. இந்நேரம் அடக்கம் பண்ணியிருப்பாங்கன்னு அழுதுட்டே போனேன். எனக்காக நிறுத்தி வச்சிருந்தாங்க..."

சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்தார்.

"இதுல தமிழ்ப் பாட்டுன்னு அச்சடிச்சது நாந்தான். தப்பு என்னுது. இப்ப நீங்க கேட்டீங்களே... அது கவ்வாலி. அடுத்த வருசம் அப்படித்தான் அடிப்போம். இதே பெரிய எழுத்துல!"

கூட்டம் எழுப்பிய சத்தத்தில் ஜமால் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சூசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சூசை அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஃபாதர்கிட்டச் சொல்லி நம்ம சர்ச்லயும் இப்படி ஒரே வரியில நின்னு பாக்கணும் பாய்" என்றார்.

எனக்கு ஒன்று தோன்றியது. இது இந்த பாஷையில்தான் வரும், அது அவர்களால்தான் முடியும் என்று நாமே எத்தனை நோட்டீஸ் அடித்து வைத்திருக்கிறோம்! அதையெல்லாம் யாரும் வாதாடித் திருத்தியதாகத் தெரியவில்லை. ஒருவர் வந்து பாடிவிட்டால் போதும், அச்சடித்தவரே திருத்திக்கொள்கிறார்.

எந்தக் கட்சி மீட்டிங் என்று கேட்டீர்களே டாக்டர்... ஜெயித்த கட்சி!