டுவெய்னின் கேரியர், மார்லிஸின் மான்

மார்லிஸ் ஹார்யு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மிச்சிகனின் வடகோடியில், ஆல்டர் ஏரி ஊரில், முப்பது வயதுக்கு உட்பட்ட யாரைக் கேட்டாலும் அவள் பேருந்தில் ஒருமுறையாவது வாந்தி எடுத்திருப்பார்கள். எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனி கொட்டும் காலைகளிலும் அவள் பேருந்து ஒருநாள்கூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை. இவ்வளவு இருந்தும் ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் கிடையாது. பிள்ளைகளுக்கு அவள் பஸ்காரம்மா. பெரியவர்களுக்கு டுவெய்ன் பொண்டாட்டி.

டுவெய்ன் யார் என்று கேட்கவே வேண்டாம், அவனே வந்து சொல்லிவிடுவான். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் இழவு வீடென்றால் பிணமாகவும் அவன்தான் இருக்க வேண்டும். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கை நீட்ட மாட்டான், குடித்துவிட்டுத் தெருவில் விழ மாட்டான். பக்கத்தில் இருப்பவரை நாலு பேர் மெச்சினால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. அடித்து உதைக்கிறவனாக இருந்திருந்தால் மார்லிஸ் என்றைக்கோ மூட்டையைக் கட்டியிருப்பாள். இந்த ரகத்தோடு வாழ்கிறவள் கதைதான் கஷ்டம்; வெளியே போய்ச் சொன்னால் இதெல்லாம் ஒரு குறையா என்பார்கள்.

அவர்களுடைய பழைய பிக்கப் வண்டி பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு அரித்து அடிப்பாகம் கழன்றுபோன வருடம், அதற்குப் பதிலாக, யாரோ ஓட்டிய ஒரு எஸ்.யூ.வி. வாங்கினார்கள். அதற்குள் ஆட்கள் சொகுசாக உட்காரலாம், ரத்தம் சொட்டும் மானை ஏற்ற முடியாது. அதனால் ஒரு கேரியர் தேவைப்பட்டது. பம்பருக்கு அடியில் இருக்கும் சதுரக் குழாயில் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு பின்னைப் போட்டுப் பூட்டினால், வண்டியின் முதுகுக்குப் பின்னால் கட்டில்போல ஒரு இரும்புத் தட்டு நிற்கும். வேட்டைக்குப் போகிற வீடுகளில் அது இல்லாத வீடு கிடையாது.

கடையில் மார்லிஸ் கேரியரைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே போய், பனிச்சேற்றில் முழங்கால் போட்டு, தங்கள் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் நேரே ஒன்றின்மேல் கை வைத்தாள்.

"இத எடு டுவெய்ன். இதோட தண்டு மேல்பக்கமா வளைஞ்சிருக்கு, தட்டு உசரத்துல நிக்கும். நம்ம வண்டியோட சைலன்சர் நேரா பின்னாடி ஊதுது. தட்டையா இருக்கறதப் போட்டா அந்தச் சூடெல்லாம் சரக்கு மேலதான் அடிக்கும்."

"உசரமா இருந்தா மானத் தூக்கி வைக்கறது யாரு, உங்கப்பனா?"

"ஒரு ஜாண்தான் வித்தியாசம். நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"கூட வேட்டைக்கு வர்ற ரோய்ஸ் தட்டையாத்தான் வச்சிருக்கான். அவன் மான் எதுவும் வெந்து போச்சா?"

"ரோய்ஸ் வண்டிக்கு சைலன்சர் பக்கவாட்டுல இருக்கு."

கடைக்காரன் டுவெய்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரே அர்த்தம்தான், உலகத்தில் எல்லாக் கடைகளிலும் அதுதான் அர்த்தம். டுவெய்ன் தட்டையானதை எடுத்தான். சரி, சைலன்சருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு தகரமாவது அடி என்று அவள் சொன்னாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அந்த வீட்டில் 'அப்புறம்' என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத தேதி. ஒரு வாரத்துக்கு வருவோர் போவோரையெல்லாம் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், "என் கேரியர் பாத்தியா?" என்று காட்டினான்.

நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்கும். காட்டுக்குள் ரோய்ஸின் குடிலில் ஆண்கள் கூடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து மார்லிஸ் அந்தக் குடிலுக்கு மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறாளே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை. அந்த வருடம் குடிலில் சமைக்கிறவனுக்கு இடுப்பில் ஆபரேஷன். பாவம் பார்த்து இல்லை, பசியைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"சமைக்கிறேன்," என்றாள் மார்லிஸ். "ஆனா நானும் லைசென்ஸ் எடுப்பேன். துப்பாக்கியோட உக்காருவேன்."

"தாராளமா உக்காரு," என்றான் ரோய்ஸ். "கக்கூஸுக்குப் பின்னாடி ஒரு பரண் சும்மாதான் கெடக்கு. அங்க அணிலு நெறைய வரும்."

அவள் ஆசைப்பட்டது இறைச்சிக்கு இல்லை. வேட்டை தொடங்கும் நாள் சாயங்காலம் தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் மான் கம்பம் வைப்பார்கள். குறுக்கே கிடக்கும் நீண்ட மரத்தில் அன்றைய மான்களை வரிசையாகத் தொங்கவிட்டு, கிழவர் ஆர்வோ ஒவ்வொன்றாகப் பார்த்து, சுட்டவர் பெயரை மைக்கில் கூப்பிடுவார். ஊர் முழுக்கக் கை தட்டும். வருடா வருடம் அந்தக் கூட்டத்தில் டுவெய்னின் காபியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மார்லிஸ். தன் பெயரையும் ஒரே ஒருமுறை அந்த மைக்கில் கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம். இது பேராசை என்று யாராவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகட்டும்.

முதல் நாள் விடிகாலை இறைச்சியை மாவுக்குள் மடித்துச் சுடும் பாஸ்டிகளை அடுப்பில் வைத்துவிட்டு அவள் பரணில் போய் உட்கார்ந்தாள். பெரிய பெரிய சூரர்கள் மலை முகட்டில் காத்துக்கிடக்க, பெண்மான் ஒன்றை மோப்பம் பிடித்துக்கொண்டு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் கக்கூஸுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தது. ஒரே குண்டு. நாலு எட்டு வைத்து விழுந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். துப்பாக்கியோடு நிற்கும் மார்லிஸைத் தாண்டி ரோய்ஸ் அங்குமிங்கும் பார்த்தான்.

"யாரு சுட்டது?"

"நான்தான். யாராவது போயி அடுப்ப அணைங்க, பாஸ்டி கருகிரும்."

அவளே குடலை எடுத்து, வயிற்றைச் சுத்தம் செய்து, லைசென்ஸோடு கொடுத்த, தன் பெயர் போட்ட சீட்டைக் கொம்பில் கட்டினாள். டுவெய்ன் வந்து கொம்பைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் பெருமை இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பெருமை யாரைப் பற்றியது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மத்தியானம் மானைக் கேரியரில் ஏற்றினார்கள். சாலை உப்பு இறைச்சியில் தெறிக்காமலிருக்க அவள் நீலத் தார்ப்பாயில் சுற்றினாள். டுவெய்ன் தலைப்பக்கம் மட்டும் தார்ப்பாயை விலக்கினான்.

"தலைய அந்தப் பக்கம் வச்சுக் கட்டலாம்," என்றாள் மார்லிஸ். "இப்படிக் கட்டுனா தொடை சரியா சைலன்சர் மேல வருது."

"தல இந்தப் பக்கம் இருந்தாத்தான் நடைபாதைல நிக்கறவனுக்குக் கொம்பு தெரியும். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"அப்படின்னா நேரா கம்பத்துக்குப் போயிரணும். எங்கயும் நிக்கக் கூடாது."

"ஆமா ஆமா."

காட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியில் மூன்று மதுக்கடைகள். நல்ல கொம்பு கிடைத்தவன் அந்த மூன்றிலும் நிற்காமல் போனால் அவனுக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று விசாரிக்க ஆள் வரும். குளிர்நாளில் அங்கே யாரும் வண்டியை அணைத்துவிட்டு இறங்குவதும் இல்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆள் பாட்டுக்கு உள்ளே குடித்துக்கொண்டிருப்பான்.

முதல் கடை வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"அடேயப்பா டுவெய்ன்! இது மானா, மாடா?"

"கொம்பப் பாரு, கொம்பப் பாரு," என்றான் டுவெய்ன். "குடிலுக்குப் பின்னாடிதான். ஒரே குண்டு."

நான்தான் சுட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. கேட்டவர்கள் தப்பாக நினைத்ததைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஒருவன் கொம்பை விரலால் அளந்து பார்க்க, இடைஞ்சலாகத் தொங்கிய சீட்டை ஒதுக்கிவிட்டான். அதில் மார்லிஸ் ஹார்யு என்று எழுதியிருந்ததை அங்கே யாரும் படிக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவள், அடுத்த கடையில் சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கடையில் அவள் கை நீட்டி எஞ்சினை அணைத்தாள். டுவெய்ன் ஓடி வந்தான்.

"ஏ, பேட்டரி செத்துக் கெடக்கு. மறுபடி ஸ்டார்ட் ஆவலன்னா நீ தள்ளுவியா?"

அவனே மறுபடி முடுக்கிவிட்டுப் போனான். அங்கேயும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

மூன்றாவது, டெலோரஸின் கடை. அங்கே மார்லிஸும் உள்ளே போனாள். வண்டியிலேயே உட்கார்ந்து, இப்போதே கிளம்பு என்று ஹாரனை அடித்திருக்கலாம். அடிக்காமல் உள்ளே போனதற்கு ஒரே காரணம், தன் பெயரை அவன் சொல்லும்போது பக்கத்தில் இருக்க ஆசை. மனுஷ மனசு அப்படிப்பட்ட நாய்தான், வாலை ஆட்டிக்கொண்டே உதை வாங்கும்.

"நீயும் போயிருந்தியா மார்லிஸ்?" என்று காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள் டெலோரஸ்.

மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் டுவெய்ன் சொன்னான், "சமைக்க வந்தா. பாஸ்டி என்னமா இருந்துச்சு தெரியுமா!"

மார்லிஸ் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். நான்தான் சுட்டேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு தடவை கதவு திறந்து மூடியபோது வெளியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது.

"டுவெய்ன், ஏதோ முடி கருகற வாசன வருது."

"டெலோரஸ் அடுப்படிதான், வேறென்ன."

"என் அடுப்படியவா சொல்ற? ஒனக்கு இனிமே தண்ணிகூடக் கெடையாது!" என்று டெலோரஸ் துணியை எறிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு சுற்று வந்தது.

கம்பத்துக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் ஊரே நின்றது. ஆர்வோ வந்து தார்ப்பாயை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். உருகி ஒட்டியிருந்த தார்ப்பாயோடு தொடைத் தோலும் உரிந்து வந்தது. உள்ளே இறைச்சி சாம்பல் நிறத்தில் வெந்து, முதுகுவரைக்கும் சூடு ஏறிக் கிடந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன டுவெய்ன்," என்றார் ஆர்வோ, "வேட்டைக்குப் போனியா, இல்ல ஹோட்டல் வைக்கப் போனியா?"

சிரிப்பு வெடித்தது. டுவெய்னின் கழுத்து சிவந்து, காது சிவந்து, நெற்றி சிவந்தது. அப்போதுதான், மூன்று கடையிலும் வராத அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது.

"என்னதில்லப்பா இது! சீட்டப் பாருங்க. மார்லிஸ் சுட்டது. கேரியரும் அவ பாத்து வாங்கினதுதான், நான் என்ன செய்ய?"

ஆர்வோ சீட்டைத் திருப்பிப் படித்தார். மைக்கை எடுத்தார். "மார்லிஸ் ஹார்யு! எட்டுக் கிளை! வேகவச்சே கொண்டாந்திருக்காங்க!"

ஊர் கை தட்டியது. விசிலடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் ஆசைப்பட்டபடியே பெயர் மைக்கில் ஒலித்து, ஏரி வரைக்கும் கேட்டது. "கேரியர் நான் சொன்னது இல்ல," என்று மார்லிஸ் சொன்னாள். பக்கத்தில் நின்றவனுக்கே அது காதில் விழவில்லை.

அன்று வீட்டில் அவள் தனியாக நின்று கழுத்தும் முன்கால்களும் மட்டும் அறுத்து எடுத்தாள். மற்றதெல்லாம் காட்டுக் காக்கைகளுக்குப் போயிற்று. டுவெய்ன் வாசலில் வந்து நின்று, சமாதானமாகத்தான், "நல்லவேள, கொம்புக்கு ஒண்ணும் ஆகல," என்றான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். கையில் கத்தியோடு அந்தப் பேச்சைக் கேட்பது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கொம்பு டெலோரஸ் கடைச் சுவரில் ஏறியது. கிறிஸ்துமஸுக்கு டுவெய்ன் அதை 'எங்க மான்' என்றான். ஏரியில் பனி உடைகிற காலத்தில், "அது அப்படியே நடந்து வருது, நான் மூச்சே விடல," என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். நாற்றம் போய்விட்டது, கொம்பு இருக்கிறது, வேறென்ன நடக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. டுவெய்ன் சுட்ட மானை மார்லிஸ் கருக்கிவிட்டாள் என்பதே கடைசியில் கதையாக நின்றது.

மறு வருடம் அவள் குடிலுக்குச் சமைக்கப் போகவில்லை. தன் சின்னக் காருக்கும் பம்பருக்கு அடியில் சதுரக் குழாய் பொருத்தி, அன்று கடையில் கை வைத்தாளே, தண்டு மேலே வளைந்த கேரியர், அதையே வாங்கி மாட்டினாள். சைலன்சருக்கு மேல் தகரமும் தானே அடித்தாள். தெரிந்தவர் நிலத்து ஓரத்தில் அனுமதி வாங்கி, பேருந்து ஓட்டாத நேரமெல்லாம் போய் உட்கார்ந்தாள். எட்டுக் கிளை எல்லோருக்கும் இரண்டு தடவை வருவதில்லை. ஒரு கிளைகூட வரவில்லை. வேட்டையின் கடைசி நாள், காரை ஓடவிட்டு, டெலோரஸ் கடையில் காபிக்கு இறங்கினாள்.

டெலோரஸ் ஜன்னல் வழியாகக் காரை எட்டிப் பார்த்தாள். "இந்தக் கேரியர்லதானே டுவெய்னோட மானக் கருக்குன?"

"மான் என்னோடது, டெலோரஸ்," என்றாள் மார்லிஸ். இந்த முறை தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. "நான் சுட்டது. கேரியர்தான் அவனோடது. அது இது இல்ல."

"சரி விடு, புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னோடது ஒன்னோடதுன்னு," என்று சொல்லிவிட்டு டெலோரஸ் அடுத்த ஆளுக்குக் காபி ஊற்றப் போனாள்.

மார்லிஸ் கோப்பையோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பனி பெய்துகொண்டிருந்தது. கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, சைலன்சர் வெள்ளையாகப் புகை விட்டது. அதற்கு மேலே அவளுடைய காலிக் கேரியரில் பனி கொஞ்சமும் உருகாமல் தங்கிக்கொண்டிருந்தது.