இரண்டு மணிக்கூண்டுகள்

நாகப்பட்டினத்துக் கடையில் பால் டின் வாங்கும்போது இன்றும் நான் ஒரு கணம் கை நீட்டாமல் நிற்கிறேன். கடைக்காரர் ஆணியால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டுத் தருவார் என்று என்னை அறியாமல் காத்திருக்கிறேன். வந்த புதிதில் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன், ஓட்டை போடவில்லையா என்று. பால் கெட்டுப்போயிருக்குமோ என்று நான் சந்தேகப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார். டின்னைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நேற்றுதான் வந்த சரக்கு என்று சத்தியம் செய்தார். மலேயாவில், கெடாவில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசரகாலத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் எந்த டின்னையும் ஓட்டை போடாமல் விற்கக்கூடாது. ஓட்டை போட்ட பால் இரண்டு நாளில் கெட்டுவிடும். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேராது. கடைக்காரர் அதற்கெனவே ஓர் ஆணியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அது சட்டம் என்பதே எங்களுக்கு மறந்துபோய், பால் டின் என்றால் ஓட்டையோடுதான் வரும் என்று ஆகிவிட்டது.

நான் பிறந்தது கெடாவில், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அதே தோட்டப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் மாணிக்கம் பால்மரம் வெட்டியவர். தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர். மாலையில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை எல்லோருக்கும் உரக்கப் படிப்பார். யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். காட்டுக்காரர்களுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஆனால் சங்கத்தில் இருந்தவர்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்த்த காலம் அது. ஒருநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிவதற்குள் போலீஸ் லாரி வந்தது. வெட்டுக்கத்தியை என் தங்கை பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் வைத்திருப்பதாக மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினார்கள். காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும். மாலை ஆறு மணிக்கு மூடும். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போகக்கூடாது. வாசலில் பெண்களைச் சோதிக்கத் தனியாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். என் மகள் தேவகிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலியோரம் நின்று, லாரி சத்தம் கேட்கிறபோதெல்லாம் அப்பா வருகிறாரா என்று பார்ப்பாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஓலை வந்தது. மாணிக்கத்தை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். விருப்பமிருந்தால் மனைவியும் பிள்ளையும் அவரோடு போகலாம். நாங்கள் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்து அவரோடு கப்பலேற வேண்டும். அந்த வாரம் பார்த்து தேவகிக்குத் தட்டம்மை. அவளைத் தொடவே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் யாரையும் விடவில்லை. பிள்ளையைப் பாக்கியத்திடம் விட்டுவிட்டுத் தெற்கே துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்த அதிகாரியிடம் அழுதேன். கப்பல் வடக்கே வந்து பினாங்கில் ஒரு பகல் நிற்கும், பிள்ளைக்கு அம்மை இறங்கியதாக டிரெசர் கொடுக்கும் கடிதத்தோடு மதியம் ஒரு மணிக்குள் துறைமுகத்தில் கொண்டுவந்து காட்டினால் ஏற்றிக்கொள்வோம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அன்றே பாக்கியத்துக்குக் கடிதம் போட்டேன். பினாங்குக்கு நான் போயிருந்தது ஒரே ஒருமுறை, தைப்பூசத்துக்கு, சிறு பெண்ணாக. பாக்கியம் போனதே இல்லை. எனக்கு நினைவில் இருந்தது கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் வெள்ளை மணிக்கூண்டு மட்டும்தான். "மணிக்கூண்டுக்குக் கீழே வந்து நில். நான் அங்கே இருப்பேன்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

இவரோடு நான் ஏறிய கப்பல் காலை எட்டு மணிக்குப் பினாங்குக் கரையைத் தொட்டது. நாடு கடத்தப்படுகிறவர்களைக் கீழ்த்தட்டில் காவலோடு வைத்திருந்தார்கள். கப்பல் நடுக்கடலுக்குப் போகும்வரை அவர்கள் மேலே வரக்கூடாது. எனக்கு மட்டும் நான்கு மணிவரை கரையில் இருக்க ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். மற்றப் பயணிகள் ஊர் சுற்றிப் பார்க்கச் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள். இவர் முகாமில் பிடித்த இருமலோடு படுத்திருந்தார். பிள்ளை என்ன உயரம் இருப்பாள் என்று கேட்டார். என் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன்.

ஒன்பது மணிக்கு மணிக்கூண்டின் கீழ் நின்றேன். பத்து அடித்தது. பதினொன்று அடித்தது. தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டார்களோ, பேருந்து கிடைக்கவில்லையோ, டிரெசர் கடிதம் தரவில்லையோ என்று ஒவ்வொன்றாக மனசு போனது. பதினொன்றரைக்கு நிற்க முடியாமல் நடக்க ஆரம்பித்தேன். கடற்கரை வீதியில் வங்கிக் கட்டடங்களின் நிழலில் ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். குயின் தெரு மாரியம்மன் கோவிலில் இருப்பார்களோ என்று போனேன். நடை சாத்தியிருந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்வரை போய்த் திரும்பினேன். எல்லோரும் பார்த்து ரசிக்கும் ஊர் அது. அதன் கோபுரங்களும் மினாராவும் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைகளும் எனக்கு இன்று கண்ணை மூடினாலும் தெரிகின்றன. எல்லாமே என் பிள்ளை இல்லாத இடங்களாகத்தான் தெரிகின்றன. ஒரு சீன ரிக்ஷாக்காரரிடம் எனக்குத் தெரிந்த மலாயில், பெரிய மணிக்கூண்டு பக்கம் ஒரு பெண்ணையும் பிள்ளையையும் பார்த்தீர்களா என்று கேட்டேன். நான் வழி கேட்கிறேன் என்று நினைத்து, என்னை ஏற்றிக்கொண்டு நான் கிளம்பி வந்த அதே மணிக்கூண்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அங்கே யாரும் இல்லை.

மறுபடியும் மார்க்கெட் தெருவுக்கு ஓடினேன். அங்கே தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. வாசலில் நின்றவளின் முகத்தைப் பார்த்தே முதலாளி எழுந்து வந்தார். தலையில் தொப்பி, தோளில் துண்டு, அறுபது வயதிருக்கும். உட்கார வைத்து தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த மணிக்கூண்டு தங்கச்சி?"

ஊருக்கு ஒன்றுதானே என்றேன்.

"கோட்டைகிட்ட ஒண்ணு. ரயில் ஆபீஸ் மேல ஒண்ணு. ஃபெரியில எறங்குறவங்க கண்ணுக்கு ரயில் ஆபீஸுதான்லா மொதல்ல தெரியும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பினாங்குத் தீவில் ரயில் ஓடாது. ஆனாலும் ஃபெரித் துறைக்கு எதிரில் ரயில்வேக்கு ஒரு பெரிய கட்டடம், அதன் உச்சியில் ஒரு மணிக்கூண்டு. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அந்தக் கட்டடத்துத் தூணில் சாய்ந்து பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலை வைத்து தேவகி தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அம்மையின் தடம் இன்னும் போகவில்லை. பாக்கியம் தைத்த நீலச் சட்டை. காலில் புதுச் செருப்பு. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது.

"ஒம்பதரையிலேர்ந்து இங்கதான்க்கா ஒக்காந்திருக்கோம்" என்றாள் பாக்கியம். "நீ மணிக்கூண்டுன்னுதானே எழுதியிருந்த." இடுப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.

பிள்ளையை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், பட்டியலும் மூடியாகிவிட்டது என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னார். நான் அதிகாரி எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். ஒரு மணி என்று எழுதியிருந்த இடத்தில் அவர் விரலை வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. இரண்டு மணிவரை அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். பிள்ளையை அப்பாவின் கண்ணில் காட்டவாவது விடுங்கள் என்று வாசலில் நின்ற மலாய்க் காவலரிடம் கேட்டேன். அவர் தேவகியின் முகத்தில் இருந்த அம்மைத் தடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கோட்டைச் சுவரோரம் புல்லில் உட்கார்ந்தோம். ஆறு மணிக்குள் தோட்டத்து வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் பாக்கியத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. கப்பலுக்குத் திரும்பாமல் நான் இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். தகரப் பெட்டியின் கயிற்றை இழுத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"மாமா கப்பல்ல தனியா கெடக்காரு. அவருக்கு நீ ஒருத்திதான். இவளுக்கு நான் இருக்கேன். அடுத்த கப்பல்ல நானே கூட்டிட்டு வர்றேன்க்கா."

தேவகி என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "நான் சித்திகூட இருக்கேம்மா. நீ அப்பாவப் பாத்துக்க" என்றாள். பத்து வயதுப் பிள்ளை எனக்குச் சமாதானம் சொன்னாள். அது சமாதானமா, போக வேண்டியதில்லை என்ற நிம்மதியா என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஃபெரியில் அவர்களை ஏற்றிவிட்டேன். எதிர்க்கரை கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது, அதைத் தாண்டினால் கெடா. என் பிள்ளை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். கைகாட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

கப்பல் நகர்ந்த பிறகு இவரை மேலே விட்டார்கள். "பிள்ளை எங்க?" என்றார். அம்மை முழுசாக இறங்கவில்லை, டாக்டர் ஏற்ற மறுத்துவிட்டார் என்று சொன்னேன். முன்கூட்டி யோசித்த பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. அதன்பின் அதை எடுக்க வழி தெரியவில்லை.

அடுத்த கப்பலும் போனது, அதற்கடுத்ததும் போனது. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் லயங்களைப் பிரித்தபோது தொலைந்திருந்தது. அது கிடைத்தபோது அனுமதித் தாள் காலாவதியாகியிருந்தது. இவர் திரும்பிப் போக முடியாதவர். அவர் மனைவிக்கும் நுழைவுச் சீட்டு இல்லை என்று எழுதிவிட்டார்கள். தேவகியின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் பென்சிலில், பிறகு மையில். மெல்ல மெல்ல அவற்றில் சந்தைக்குப் பாசார், வண்டிக்குக் கெரெத்தா, கடிதத்துக்குச் சூராட் என்று மலாய்ச் சொற்கள் கூடின. இங்கே என்னை மலேயாக்காரி என்று கூப்பிடுகிறவர்களிடம் அந்தச் சொற்களைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது, எல்லாத் தாள்களும் சரியாகிவிட்டன, புறப்பட்டு வா என்று எழுதினேன். "கோவிச்சுக்காதம்மா. அங்க எனக்கு யாரையும் தெரியாது. சித்தியை விட்டுட்டு வர முடியல" என்று பதில் வந்தது. சித்தியை விட்டுவிட்டு. அந்தச் சொல்லை மட்டும் பலமுறை படித்தேன்.

இவர் இன்னும் அந்த அம்மையைத்தான் சபிக்கிறார். அது மட்டும் அந்த வாரம் வராமல் இருந்திருந்தால் என்பார். நடந்ததைத் தெரிந்தவள் தேவகி. ஒரு கடிதத்திலும் அவள் அதை எழுதியதில்லை. பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கும் பழக்கம் இவரைவிட்டுப் போகவில்லை. இது அச்சில் வந்தால் படிப்பார். படிக்கட்டும். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன தை மாதம் தேவகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திகாம் பத்துவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணைப் பெற்றவர்கள் இடத்தில் எங்கள் பெயர் இருந்தது. வருக என்று அழைக்கிற இடத்தில் பாக்கியத்தின் பெயர் இருந்தது. முகூர்த்தம் காலை எட்டு மணி. அங்கே எட்டு என்றால் இங்கே ஆறு. விடியும்போதே இருவரும் குளித்தோம். நான் இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் கோலம் போடத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலையில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு எங்கே கல்யாணம் என்று கேட்டார்.

"எங்க வீட்லதான்" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இவர் மட்டும் வெளுத்த வேட்டியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். கை நிறைய அட்சதையை வைத்துக்கொண்டு, இப்போது போடலாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.