சத்தம் கேட்காத அறை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களை நான் கெஞ்சப் போவதில்லை. வீடு காட்டும் வேலையில் இருப்பவள் நான். பொய்தான் சொல்ல வேண்டுமென்றால் இதைவிட நல்ல பொய்கள் எனக்குத் தெரியும். ஆனால் இது எனக்கு நடந்தது, அதுவும் பாதி பட்டப்பகலில்.

வெளிநாட்டிலிருந்து வேலை மாற்றலாகி இந்தப் பெரிய நகரத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு எந்தப் பகுதி ஒத்துவரும் என்று அலசிப் பார்த்து, வீடு பிடித்துக் கொடுப்பது என் வேலை. அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே பள்ளி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது, பக்கத்து வீட்டு நாய் எப்போது குரைக்கிறது என்பது வரை எனக்குத் தெரிந்திருக்கும். கையில் எந்நேரமும் அளவு டேப் இருப்பதால் ஆபீஸில் என் பெயரே 'டேப்பக்கா'.

அந்த வாரம் வந்த குடும்பத்தில் மூன்று பேர். அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண் குழந்தை. நம் பாஷை பேசுகிறவர்கள் என்பதால் என் தலையில் கட்டினார்கள். படிவத்தில் அவர்கள் எழுதியிருந்தது ஒரே வரி. 'குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், மற்றது எதுவும் முக்கியமில்லை.'

"எதுவா இருந்தாலும் ஆபீஸ் மெயில்ல மட்டும் பேசு. போன்ல வேண்டாம். அவங்களே கேட்டுக்கிட்டாங்க" என்றார் மேனேஜர். எங்கள் மேனேஜர் சிடுமூஞ்சி. ஏன் என்று கேட்டால் வள்ளென்று விழுவார். நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை 11:15. என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது.

'நான் பாப்பாவோட அம்மா. வீடு பாத்தாச்சா?'

அந்த நம்பரின் முகப்பில் ஒரு சின்னப் படம். குழந்தை தூங்குகிறது. தலைமாட்டில் நின்று, மேலிருந்து எடுத்த படம். பெற்றவளைத் தவிர வேறு யார் அப்படி எடுப்பார்கள்? நானும் பிள்ளை பெற்றவள்தானே. ஒரு தாய் கேட்கிறாள், மெயிலாவது மண்ணாங்கட்டியாவது என்று பதில் போட்டேன். புத்தி கெட்டவள் நான்.

முதலில் பஸ் பற்றிக் கேட்டாள். பிறகு பூங்கா. பிறகு... 'பாப்பாவுக்குத் தனி ரூம் வேணும். இவருக்கு நைட் வேலை, பகல்ல தூங்குவார். பாப்பா அவ ரூம்ல கத்தினா பெரிய ரூமுக்குக் கேக்கக் கூடாது.'

நியாயமான ஆசைதான் என்று நினைத்தேன்.

செவ்வாய் மாலை 6:40. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பகுதி. ஏழாவது மாடியில் ஒரு காலி வீடு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பெரிய அறையின் தரையில் போனை வைத்து, பதிவு பட்டனை அழுத்தினேன். சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை தொண்டை கிழியக் கத்தினேன். சிரிப்பாகத்தான் இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு!

திரும்பி வந்து பதிவைப் போட்டேன்.

என் காலடிச் சத்தம். கதவு... டப். அப்புறம் அமைதி. என் கத்தல் துளிகூட இல்லை. அருமையான சுவர் என்று நினைத்தேன்.

நாற்பத்தோராவது விநாடி.

யாரோ மூச்சு விடுகிற சத்தம்... போனுக்கு மிகப் பக்கத்தில்.

பிறகு ஒரு பெண் குரல். மெதுவாக. திருப்தியாக.

"கேக்கல."



வாசலைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

மணி 6:52.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏழு மாடியும் படியிலேயே ஓடி இறங்கினேன்.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. அந்தக் குழந்தையை அங்கே விடக் கூடாது. அந்த அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: 'அந்த வீடு சரியில்லை. ஊரோட மறுகோடியில வேற ஏரியா பாக்கறேன்.'

உடனே பதில் வந்தது. 'எங்கயா இருந்தாலும் பரவாயில்ல. அட்ரஸ் மட்டும் அனுப்புங்க.'

புதன்கிழமை புது வீடு பார்த்தேன். அமைதியான தெரு, நல்ல காவல், சின்ன அறைக்கு நீலச் சுவர், ஜன்னலில் வளைவு வளைவாகக் கம்பி. இந்த முறை தனியாகப் போகவில்லை. காவலாளியைப் பெரிய அறையில் உட்கார வைத்துவிட்டுக் கத்தினேன்.

"ஏதாவது கேட்டுதாண்ணே?"

"ஒண்ணுமே கேக்கலம்மா."

பதிவும் சுத்தமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜரிடம் சொல்லி வீட்டை முடித்துவிட்டு, மாலை 4:12-க்கு அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். தெரு, மாடி, கதவு எண், உள்ளே போனால் இடது பக்கம் இரண்டாவது அறை பாப்பாவுக்கு என்பதுவரை.

'ரொம்ப நன்றி' என்று வந்தது.

வியாழன் காலை பத்து மணிக்குக் குடும்பம் வந்தது. அப்பா பெட்டிகளை எடுக்கக் கீழேயே நின்றுவிட்டார். பாப்பா தன் அறையைப் பார்க்க ஓடினாள். அம்மாவிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.

"நீங்க சொன்ன மாதிரியே மேடம். பாப்பா ரூம் சத்தம் பெரிய ரூமுக்குக் கேக்காது. சார் பகல்ல நிம்மதியா தூங்கலாம்."

"இவர் ஏன் பகல்ல தூங்கணும்? இவருக்குக் காலையில ஆபீஸ்."

"நைட் வேலைன்னு மெசேஜ் போட்டீங்களே..."

"நானா? உங்க நம்பரே எனக்குத் தெரியாதே!"

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்துப் பெரிய அறைக்குள் இழுத்தாள்.

"மூணு வருஷத்துல இது நாலாவது ஊருங்க. பாப்பா ராத்திரியில யார்கூடயோ பேசுவா. ஒரு நாள் அது அவளைப் படி வழியா வெளியில கூட்டிட்டுப் போயிருக்கு... எங்க போனாலும் கண்டுபிடிச்சு வந்துடுது. அதான் இந்தத் தடவை எங்கம்மாவுக்குக்கூட அட்ரஸ் சொல்லல. நீங்க யாருக்கும் சொல்லலையே?"



"இல்லைங்க" என்றேன். அப்படி ஒரு பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

அப்போதுதான் கவனித்தோம். வீடு அமைதியாக இருந்தது.

"பாப்பா..."

பதில் இல்லை.

ஓடினோம். இடது பக்கம் இரண்டாவது அறை. கதவு சாத்தியிருந்தது.

திறந்தோம்.

பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள்.

"அம்மா, நான் பத்து வரைக்கும் கத்தி எண்ணினேனே. கேக்கலையா?"

"இல்லையேம்மா..."

"கேக்காதுன்னு அவங்க சொன்னாங்க. நெஜமாவே கேக்கல!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை அப்படியே அந்த அம்மாவிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் படித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சின்னப் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

தூங்கும் குழந்தைக்குப் பின்னால் நீலச் சுவர். வளைவு வளைவாக ஜன்னல் கம்பி.

நாங்கள் நின்றுகொண்டிருந்த அறை.

நான் அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததே புதன்கிழமைதான். படம் வந்தது திங்கட்கிழமை.

பத்தே நிமிடம். பிரிக்காத பெட்டிகளோடு மூவரும் கிளம்பிவிட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை 7:30-க்கு அந்த நம்பரைத் தடை செய்துவிடலாம் என்று எடுத்தேன். படம் மாறியிருந்தது.

அதே குழந்தை. அதே தூக்கம். இப்போது பின்னால் மஞ்சள் சுவர், அதில் ஓர் ஓரத்தில் காரை பெயர்ந்திருக்கிறது.

அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல என்னிடம் வழியில்லை. அவர்கள் மெயில் முகவரியை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையில் உங்களில் யாராவது இருந்தால்... ஆறு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு குடும்பம் உங்களிடம் வந்தால்... மஞ்சள் சுவர் வைத்த அறையை மட்டும் காட்டாதீர்கள். அம்மா என்று சொல்லி யார் கேட்டாலும் அட்ரஸ் அனுப்பாதீர்கள்.